லிங்க்ட்இனில் விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு போன்கூட வரவில்லை!

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து, ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் ஐந்து வருடமாக இருக்கிறேன். சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சென்னைப் பக்கம் பெரிய கம்பெனிக்கு மாறலாம் என்று லிங்க்ட்இனில் தினமும் 'ஈஸி அப்ளை' அழுத்துகிறேன். பதிலே இல்லை. லிங்க்ட்இனின் கட்டணச் சந்தாவான பிரீமியம் வாங்கினால் பலன் உண்டா? நான் வேலை தேடுவது மேனேஜருக்குத் தெரிந்துவிடுமா? ஆங்கிலமும் எனக்குச் சுமார்தான்.
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: முதலில் அந்தப் பொத்தானிலிருந்து கையை எடுங்கள். ஈஸி அப்ளை உங்களுக்கு எவ்வளவு சுலபமோ, மற்றவர்களுக்கும் அவ்வளவு சுலபம். ஒரு குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கு விளம்பரம் வந்த சில நாளிலேயே விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்துவிடும். ஹெச்ஆரில் இருப்பவர் அத்தனையையும் திறந்து படிப்பதில்லை. அனுபவம், ஊர், நோட்டீஸ் பீரியட், சில முக்கியச் சொற்கள் என்று வடிகட்டி, மேலே வருகிற சிலரைக் கூப்பிடுவார். ஆள் கிடைத்துவிட்டால் மிச்சம் அப்படியே கிடக்கும். விளம்பரத்தை எடுக்கக்கூட மறந்துவிடுவார்கள். மூன்று வாரம் கழித்து நீங்கள் அழுத்துவது யார் கண்ணிலும் படப்போவதில்லை.

விளம்பரமே போடாமல், தேடி எடுப்பதும் நிறைய நடக்கிறது. ரெக்ரூட்டர்களுக்கென்று லிங்க்ட்இன் தனியாக ஒரு தேடல் வசதியை விற்கிறது. அதில் அவர்கள் 'நல்ல உழைப்பாளி' என்று தேட மாட்டார்கள். 'பிபிஏபி' (புதிய பாகத்துக்கு வாடிக்கையாளர் ஒப்புதல் வாங்கும் நடைமுறை), 'சப்ளையர் குவாலிட்டி', 'டை-காஸ்டிங்' (உருக்கிய உலோகத்தை அச்சில் செலுத்தி வார்ப்பது), 'ஐஏடிஎஃப் 16949' (வாகனத் துறையின் தரநிலை), ஊர் ஓசூர் அல்லது பெங்களூரு என்று தட்டுவார்கள். இந்தச் சொற்கள் உங்கள் ப்ரொஃபைலில் இல்லாவிட்டால், நீங்கள் தினமும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தாலும் அவர்கள் திரையில் வர மாட்டீர்கள்.

பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனில் 220 எழுத்து வரை இடமிருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதை 'இன்ன கம்பெனியில் பணிபுரிகிறேன்' அல்லது 'நல்ல வாய்ப்பைத் தேடுகிறேன்' என்று வீணடிக்கிறார்கள். நீங்கள் இப்படி வையுங்கள்: 'குவாலிட்டி இன்ஜினியர் | அலுமினியம் டை-காஸ்டிங், மெஷினிங் | பிபிஏபி, 8டி, எம்எஸ்ஏ | ஐஏடிஎஃப் இன்டர்னல் ஆடிட்டர்'. (8டி என்பது புகாரின் மூலக் காரணத்தைக் கண்டுபிடித்துத் தீர்க்கும் முறை; எம்எஸ்ஏ என்பது அளவிடும் முறையை நம்பலாமா என்று சோதிப்பது.) செய்ததை மட்டும் எழுதுங்கள். ஆடிட்டர் பயிற்சி எடுக்காமல் ஆடிட்டர் என்று போட்டால், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பதவிப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். உங்கள் கம்பெனிக்குள் மட்டும் புழங்கும் 'ஆஃபீசர் கிரேட் 2' போன்ற பெயரை யாரும் தேட மாட்டார்கள். தொழிலில் எல்லோரும் சொல்லும் பெயரைப் பக்கத்தில் சேர்க்கலாம். அதற்காக இன்ஜினியரை மேனேஜர் ஆக்காதீர்கள். ரிலீவிங் லெட்டரோடு ஒத்துப் பார்ப்பார்கள்.

அனுபவப் பகுதியில் 'தர ஆய்வுகளை மேற்கொண்டேன்' என்று எழுதுவதால் ஒன்றும் ஆகாது. நீங்கள் போன பிறகு அந்த லைனில் என்ன மாறியது? ரிஜெக்ஷன் எத்தனை சதவீதத்திலிருந்து எத்தனைக்கு இறங்கியது? வாடிக்கையாளர் புகார் ஒன்றை 8டி போட்டு முடித்தீர்களே, கோளாறு எங்கே இருந்தது, பாகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஃபிக்ஸ்சரிலா, அளவு பார்க்கும் கேஜிலா? அந்த இரண்டு வரி போதும். ஆனால் டிராயிங், பார்ட் நம்பர், ஷாப் ஃப்ளோர் படம் எதையும் போடக் கூடாது. வாடிக்கையாளர் பெயரைக்கூட 'ஓர் இருசக்கர வாகன நிறுவனம்' என்று பொதுவாகச் சொல்வதே நல்லது. உதிரிபாகத் தொழிலில் ரகசிய ஒப்பந்தம் சாதாரணம். அதை மீறும் படத்தோடு வருகிறவரை வேலைக்கு எடுக்கும் கம்பெனியே சந்தேகமாகத்தான் பார்க்கும்.

இனி யாரிடம் கேட்பது என்ற விஷயத்துக்கு வருவோம். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். நெருங்கிய நண்பர்களை விட, எப்போதோ பார்த்துப் பேசும் அறிமுகங்கள் வழியாகத்தான் புதிய வேலைச் செய்தி வருகிறது என்பது அதன் சாரம். லிங்க்ட்இன் பற்றிப் பேசுகிற எல்லோரும் இதைச் சொல்வார்கள். 2022-ல் 'சயின்ஸ்' இதழில், லிங்க்ட்இனில் சுமார் 2 கோடிப் பேரை ஐந்து ஆண்டுகள் வைத்துச் செய்த சோதனை வெளிவந்தது. பொதுவாக கிரனோவெட்டர் சொன்னது சரி என்றே அதிலும் தெரிந்தது. ஆனால் உங்களுக்கு வேண்டிய செய்தி வேறு இரண்டு. முற்றிலும் தூரத்து ஆட்களை விட, ஓரளவு பழக்கமுள்ள அறிமுகங்களே அதிகம் உதவினார்கள். அப்புறம், டிஜிட்டல் அதிகம் புகாத துறைகளில் நெருங்கிய தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின.

தொழிற்சாலை வேலைக்கு இது பொருந்திப் போகிறது என்பது என் எண்ணம். சாஃப்ட்வேர்காரர் ஒருவரின் திறமையை அவர் எழுதிய புரோகிராமைப் பார்த்து ஓரளவு எடைபோடலாம். நைட் ஷிஃப்டில் லைன் நின்றபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது பக்கத்தில் நின்றவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் முன்பின் தெரியாத ஐந்நூறு ஹெச்ஆர்களுக்கு கனெக்ஷன் அனுப்பும் நேரத்தில், உங்களோடு வேலை பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போனவர்களைத் தேடிப் பிடியுங்கள். உங்களுக்கு டிரெய்னிங் கொடுத்த சீனியர், மெயின்டனன்ஸிலிருந்து போனவர், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் கேலிப்ரேஷனுக்கு வந்துகொண்டிருந்தவர், எல்லோரும் எங்கேயாவது இருப்பார்கள். உங்கள் கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்தில் 'அலம்னை' பகுதிக்குப் போனால், படித்தவர்கள் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். உங்கள் ஆலைக்கு ஆடிட் செய்ய வரும் வாடிக்கையாளர் கம்பெனிக்காரர்களிடம் மட்டும் கவனமாக இருங்கள். நீங்கள் கேட்டது மறுநாளே உங்கள் மேனேஜர் காதுக்குப் போகலாம்.

'சார், எனி வேகன்ஸி?' என்று அனுப்பாதீர்கள். பதில் சொல்ல அவருக்கு வழியே இல்லாத கேள்வி அது. முதலில் அந்தக் கம்பெனியின் கேரியர்ஸ் பக்கத்தில் உங்களுக்குப் பொருந்தும் ஒரு வேலையைக் கண்டுபிடித்து, அதன் எண்ணோடு கேளுங்கள்: 'வணக்கம் அண்ணா. நம்ம காலேஜில் உங்களுக்கு மூன்று வருடம் ஜூனியர், மெக்கானிக்கல். இப்போது ஓசூரில் டை-காஸ்டிங் குவாலிட்டியில் இருக்கிறேன். உங்கள் கம்பெனியில் இந்த எண்ணுள்ள வேலை பார்த்தேன். அந்த டீம் எப்படி என்று பத்து நிமிடம் பேச முடியுமா? சரி என்று பட்டால் ரெஃபர் செய்யுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.' ரெஃபரல், அதாவது உள்ளே இருப்பவரின் சிபாரிசு, கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆள் சேர்ந்தால் ரெஃபர் செய்தவருக்குப் பணம் தரும் கம்பெனிகள் நிறைய. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

மேனேஜருக்குத் தெரியுமா என்றால், தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், உத்தரவாதம் கிடையாது. 'ஓபன் டு ஒர்க்' வசதியில் இரண்டு வகை உண்டு. எல்லோருக்கும் தெரிவது ஒன்று, அதில்தான் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரிவது இன்னொன்று. நீங்கள் இரண்டாவதை வையுங்கள். உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர்களுக்குக் காட்டாமல் இருக்க முயற்சி எடுப்பதாகச் சொல்லும் லிங்க்ட்இனே முழு ரகசியத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சி வழியாகக் கசியவும் வாய்ப்பிருக்கிறது. ப்ரொஃபைலைத் திருத்தும் முன் செட்டிங்ஸில் மாற்றங்களைத் தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே இரவில் புதுப்பித்தால் ஹெச்ஆர் மூக்கில் வியர்க்கும்; இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாகச் செய்யுங்கள். வேலை போய்விட்டவர்கள் பச்சை வளையம் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட எதுவுமில்லை, அது வேறு நிலைமை.

பிரீமியம் இப்போது வேண்டாம். யார் பார்த்தார்கள் என்ற பட்டியலும், தெரியாதவருக்கு அனுப்ப மாதத்துக்குச் சில இன்மெயிலும் (நேரடிச் செய்தி) கிடைக்கும். தேடும் சொற்களே இல்லாத ப்ரொஃபைலுக்கு அதனால் பயன் குறைவு. இன்டர்வியூ வரத் தொடங்கியபின் இலவச மாதம் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். முடிவதற்குள் ரத்து செய்யாவிட்டால் கார்டிலிருந்து பணம் போய்விடும். தினமும் போஸ்ட் போட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று, வேண்டாம்.

நௌக்ரியை மறக்காதீர்கள். 1997-லிருந்து இருக்கும் வேலைவாய்ப்புத் தளம். உங்கள் துறைக்கு ஆள் எடுக்கும் கன்சல்டன்ட்கள் இன்றும் அங்கேதான் அதிகம் தேடுகிறார்கள். சமீபத்தில் உள்ளே வந்தவர்களை வைத்தும் வடிகட்டுவார்கள் என்பதால், வாரம் ஒருமுறை நுழைந்து ஒரு சின்னத் திருத்தமாவது செய்யுங்கள். நோட்டீஸ் பீரியடை உண்மையாகப் போடுங்கள். 90 நாள் என்பது தடைதான். பேசிக் குறைக்க முடியும் என்றால் அதையும் எழுதுங்கள்.

ஆங்கிலம் பற்றிக் கவலைப்படாதீர்கள். தேடுகிறவர்கள் ஆங்கிலத்தில் தேடுவதால் ப்ரொஃபைல் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும், ஆனால் நீங்கள் தினமும் எழுதும் 8டி ரிப்போர்ட்டின் ஆங்கிலமே அதற்குப் போதும். அலங்கார வார்த்தைகளை ஏஐயிடம் வாங்கி ஒட்டாதீர்கள். நேரில் பேசும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சீனியருக்குத் தமிழிலேயே எழுதலாம்.

இவ்வளவும் செய்தால் தேவையில்லாத அழைப்புகளும் வரும். வேலை தருவதற்குப் பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று யார் கேட்டாலும் நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்று நம்பிப் போய், மியான்மரில் இணைய மோசடி முகாம்களில் சிக்கிய தமிழ் இளைஞர்களின் செய்திகளை 2022-லிருந்து பார்த்துவருகிறோம். பணம் கொடுத்து ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.