எந்தக் குருவி?

கேள்வி: மாடியில் தினமும் பத்து நிமிடம் இயற்கையை ரசிக்க உட்காருகிறேன். ஏதோ குருவிகள் வந்து போகின்றன. ஐந்தே நிமிடத்தில் சலித்துவிடுகிறது. தியானம் பழகினால் சரியாகுமா?

பதில்: தியானம் இருக்கட்டும். 'ஏதோ குருவிகள்' என்கிறீர்களே, அந்த 'ஏதோ'தான் சலிப்புக்குக் காரணம். மின்கம்பியில் இருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பும் கரிச்சானை இரட்டைவால் குருவி என்கிறோம். கூட்டமாகச் சருகைக் கிளறிச் சளசளப்பது தவிட்டுக்குருவி. ஓலைநுனியில் கூட்டைத் தொங்கவிடுவது தூக்கணாங்குருவி. மூன்றும் வெவ்வேறு குடும்பம்!

முதலில் அலகைப் பாருங்கள். குட்டையாகத் தடித்திருந்தால் தானியம் உடைப்பது: சிட்டுக்குருவி, சில்லை. நீண்டு வளைந்திருந்தால் தேன்சிட்டு. ஊசிபோல் மெலிந்து, வாலும் நிமிர்ந்திருந்தால் தையல்சிட்டு. ஊதாத் தேன்சிட்டில் ஆண், கூடு கட்டும் பருவத்தில் கருநீலமாக மின்னும். பருவம் முடிந்ததும் பெட்டையைப் போல மங்கிவிடும். தொண்டையிலிருந்து இறங்கும் கருங்கோடு மட்டும் மிஞ்சும். அந்தக் கோட்டைத் தவறவிட்டால் வேறு பறவை என்றே நினைப்பீர்கள்.

சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வாயகன்ற மண்தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் தண்ணீர் வைத்து, நடுவே ஒரு கல்லைப் போடுங்கள். ஆழம் கூடினால் சிறு பறவை இறங்காது. எவர்சில்வர் வழுக்கும், வெயிலில் சுடும். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றாவிட்டால் கொசுப்புழு வரும்.

சிட்டுக்குருவியைச் செல்போன் கோபுரம் கொன்றது என்று இன்னமும் கடிதம் எழுதுகிறார்கள். எத்தனை தடவை சொல்வது? அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஓட்டுச் சந்தும் உத்தரப் பொந்தும் போனபின் அது எங்கே கூடு கட்டும்? குஞ்சுக்குத் தேவை புழு பூச்சி. செடிக்கு மருந்தடித்துவிட்டு மாடியில் அரிசி தூவினால் தாய் தின்னும், குஞ்சு பட்டினி கிடக்கும்.

உங்கள் மாடித் தொட்டியில் அகன்ற இலைச் செடி இருந்தால் இலைகளைப் புரட்டாமல், குனிந்து பாருங்கள். தையல்சிட்டு பச்சை இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் கோத்து இழுத்துப் பை செய்யும். முடிச்சே போடாது. துளைக்கு வெளியே விரிந்து நிற்கும் நுனிதான் நூலைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பஞ்சு நுனி கண்ணில் பட்டால் உடனே பத்தடி தள்ளி உட்காருங்கள். ஆள் பக்கத்தில் நின்றால் தாய் கூட்டுக்கு வராது.