கை பீடி சுற்றுகிறது, காலையில் சாப்பிட்டது மறந்துவிடுகிறது

கேள்வி: முக்கூடலிலிருந்து எழுதுகிறேன் டாக்டர். அம்மாவுக்கு 71 வயது, சின்ன வயசிலிருந்தே பீடி சுற்றியவர். ஒன்றரை வருஷமாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவே இல்லை என்கிறார், பொழுது சாய்ந்தால் “எங்க வீட்டுக்குப் போணும்” என்று வாசலுக்கு வந்துவிடுகிறார். ஆனால் இலையும் தூளும் கொடுத்தால் கை தானாகச் சுற்றுகிறது. இது வயசான மறதியா, அல்சைமரா? அமெரிக்காவில் ஊசி வந்துவிட்டதாமே, இருக்கிற நிலத்தை விற்றாவது போட்டுவிடலாமா? தம்பி வெளியூரிலிருந்து பணம் அனுப்புகிறான்.

பதில்: நிலத்தை விற்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசுவோம்.

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சட்டென்று வராமல் ராத்திரி படுக்கும்போது ஞாபகம் வருவதும் வயசுக்கு வரும் மறதி. சாப்பிட்டதே மறந்துபோய், தட்டைக் காட்டிச் சொன்னாலும் ஞாபகம் வரவில்லை என்றால் அது வயசு இல்லை, நோய். ஆனால் அந்த நோய் அல்சைமர்தான் என்று நீங்களும் முடிவு கட்ட வேண்டாம், கடிதத்தைப் படித்துவிட்டு நானும் கட்ட மாட்டேன். பி12 சத்து குறைந்தாலும், தைராய்டு குறைந்தாலும், ரத்தத்தில் உப்பு இறங்கினாலும், கடுமையான மனச்சோர்வு இருந்தாலும் இப்படித்தான் தெரியும். எப்போதோ வழுக்கி விழுந்து, மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கட்டியிருக்கலாம். தூக்க மாத்திரை, அரிப்புக்கும் சளிக்கும் கடையில் கேட்டு வாங்கும் மயக்கம் தரும் மாத்திரை, இவைகூட வயசானவர்கள் மூளையைக் குழப்பிவிடும். காது மந்தமாக இருந்தால் கேட்காததையும் மறதி என்று நாம் எண்ணிவிடுவோம். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. அதனால் ரத்தப் பரிசோதனை, தலைக்கு ஒரு ஸ்கேன், காது சோதனை மூன்றையும் முதலில் முடியுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

அம்மா கை பீடி சுற்றுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அது நல்ல கவனிப்பு. அல்சைமர் ஆரம்பத்திலேயே தாக்குவது மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை, இன்று நடந்ததைப் பதிந்து வைக்கிற இடம் அது. அதனால்தான் கல்யாணத்தன்று யார் யார் வந்தார்கள் என்பது இருக்கும், காலையில் தின்ற இட்லி இருக்காது. கை பழகிய தொழில் மூளையில் வேறு இடங்களில் இருப்பதால் அது ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் சுற்றியதை எண்ணிக் கட்டுப் போடச் சொல்லிப் பாருங்கள், தடுமாறுவார் என்று நினைக்கிறேன். எண்ணுவதற்கு, எதுவரை எண்ணினோம் என்பது நினைவில் நிற்க வேண்டுமே. கை சுற்றுகிறதே, நோய் எப்படி இருக்கும் என்று சொந்தக்காரர்கள் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள்.

சரி, ஊசி விஷயம். 1906-ல் ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர், தான் பார்த்துவந்த ஒரு பெண் இறந்த பிறகு அவருடைய மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, செல்களுக்கு வெளியே படிந்த கறைகளையும் செல்களுக்குள்ளே சுருண்ட முடிச்சுகளையும் விவரித்தார். கறை அமிலாய்டு என்ற புரதம், முடிச்சு டாவ் என்ற புரதம். அமிலாய்டைக் கரைத்தால் நோய் போய்விடும் என்று நம்பிப் பல பெரிய ஆராய்ச்சிகள் நடந்து பெரும்பாலும் தோற்றன. காரணம் ஓரளவு புரிகிறது: மறதி தெரிவதற்கு 15, 20 வருஷத்துக்கு முன்பே கறை படியத் தொடங்கிவிடுகிறது, நாம் வைத்தியம் தொடங்கும் நேரத்தில் நரம்புச் செல்கள் நிறையச் செத்திருக்கும், செத்தவை திரும்பாது. நீங்கள் கேள்விப்பட்ட ஊசி லெகனமாப் அல்லது டொனனமாப் ஆக இருக்கும். அமெரிக்காவில் முதலாவதுக்கு 2023-லும் இரண்டாவதுக்கு 2024-லும் முழு அனுமதி கிடைத்தது. இவை கறையை உண்மையாகவே அகற்றுகின்றன. ஆனால் லெகனமாப் ஆராய்ச்சியில் 18 மாதத்தில் நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது, அவ்வளவுதான். நின்றுவிடவில்லை, போன நினைவு திரும்பவும் இல்லை. ஊசி போட்டவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் மூளையில் வீக்கம் தெரிந்தது, சிலருக்கு ரத்தக்கசிவு. லெகனமாப் என்றால் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும், அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அதுவும் நோய் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த ஊசிகள் ஆராய்ச்சியில் பெரிய அடி, இன்னும் நல்லது வரும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் நிலத்தை விற்கும் அளவுக்கு இல்லை.

அல்சைமர் என்று உறுதியானால் டோனெபெசில் மாத்திரை தருவார்கள், கொஞ்சம் முற்றியிருந்தால் மெமான்டின். நோயை இவை நிறுத்தாது, சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவு தரும். டோனெபெசில் வயிற்றைப் புரட்டலாம், நாடித் துடிப்பைக் குறைக்கலாம், அதனால் இ.சி.ஜி. பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ஞாபக சக்திப் பொடி, லேகியம் என்று வீட்டு வாசலுக்கு வருபவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சாயங்காலம் “வீட்டுக்குப் போணும்” என்று கிளம்பும்போது, இதுதான் உன் வீடு என்று வாதாடாதீர்கள், பயம்தான் கூடும். இருட்டும் முன்பே விளக்கைப் போட்டுவிட்டு, சரிம்மா போவோம் என்று கையைப் பிடித்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டி வாருங்கள். ஆறு பக்கத்தில் இருக்கிற ஊர் உங்களுடையது, அதனால் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள், உங்கள் போன் நம்பரை அம்மா கழற்ற முடியாத ஒரு வளையலில் பொறித்துப் போடுங்கள். பீடித் தூளையும் கத்தரியையும் எடுத்து வைத்துவிடுங்கள், தூளை வாயில் போட்டுவிட வாய்ப்பு உண்டு. பதிலுக்குப் பிச்சிப்பூவும் நாரும் கொடுத்துப் பாருங்கள், கைக்கு வேலை இருந்தால் மனசு அமைதியாகும். நேற்றுவரை ஒரு மாதிரி இருந்தவர் இரண்டே நாளில் ஒரேயடியாகக் குழம்பினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், அப்படியென்றால் பெரும்பாலும் மருந்தில் சரியாகும்.

கடைசியில் உங்கள் தம்பி வெளியூரிலிருந்து பணம் அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். பணம் மட்டும் போதாது. மாதத்தில் நாலு நாள் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அந்த நாலு நாளும் நீங்கள் நன்றாகத் தூங்குங்கள், உங்கள் பிரஷரையும் சுகரையும் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார் என்றே சொல்லலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்று வீட்டில் அம்மா விழுங்கும் எல்லா மாத்திரையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.