காலை 6 மணி ரயிலும் பகல் 12 மணி ரூமும்

கேள்வி: அம்மா, பத்து வயது மகள், நான் மூவரும் ஒரு சனி, ஞாயிறு சென்னை சுற்றிப்பார்க்க வருகிறோம். ஊர் கோவில்பட்டி. சனி காலை 6 மணிக்கு எழும்பூரில் இறங்குவோம். ஞாயிறு இரவு 9 மணிக்குத் திரும்பும் ரயில். ரூமுக்கு நாளுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் தாங்காது. ஆப்பில் 899 ரூபாய்க்குக்கூட ரூம் காட்டுகிறது, நம்பிப் போகலாமா? ஆண்துணை இல்லாமல் வருவதால் கொஞ்சம் தயக்கம்.

பதில்: 899-க்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் நேரத்தைக் கணக்குப் போடுவோம். சனி காலை 6 முதல் ஞாயிறு இரவு 9 வரை 39 மணி நேரம் சென்னையில் இருக்கப்போகிறீர்கள். ஆப்பில் வரும் ஹோட்டல்களில் பெரும்பாலும் பகல் 12 மணிக்குத்தான் செக்இன். காலை 6 மணிக்குப் போய் நின்றால், "எர்லி செக்இன்" என்று அரை நாள் வாடகையோ முழு நாள் வாடகையோ கூடுதலாகக் கேட்பார்கள். அதைக் கொடுத்தாலும் ஞாயிறு பகல் 12 மணிக்குப் பெட்டியோடு வெளியே வந்துவிட வேண்டும். அதாவது இரண்டு நாள் வாடகை போயிருக்கும், ஞாயிறு மதியம் அம்மா கால் நீட்டிப் படுக்க இடம் இருக்காது.

எழும்பூர் ஸ்டேஷன் எதிரே கென்னட் லேனிலும் அதைச் சுற்றியும் உள்ள பழைய லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. காலை 6:30-க்கு நுழைந்தால் மறுநாள் காலை 6:30 வரை ஒரு நாள். போனில் பேசும்போது, "ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் அரை வாடகை போடுவீங்களா?" என்று கேளுங்கள். வார இறுதிக் கூட்டம் அன்றைக்குக் காலி செய்துகொண்டிருக்கும். ரூம் சும்மா கிடப்பதற்கு அரை வாடகை மேல் என்று பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். ஒன்றரை நாள் வாடகையில் வேலை முடிந்துவிடும்.

பணம் இன்னும் இறுக்கம் என்றால் ரயில் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் ஸ்டேஷன் ஓய்வறை இருக்கிறதா பாருங்கள். டிக்கெட் கன்ஃபர்ம் ஆகியிருக்க வேண்டும், ஆர்ஏசி என்றாலும் பரவாயில்லை. வார இறுதி என்றால் சீக்கிரம் தீர்ந்துவிடும். எழும்பூர் ஸ்டேஷன் புனரமைப்பு வேலைக்காகச் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்தியதுண்டு. உங்களுடையது எதுவரை போகிறது என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் எழும்பூர், தி.நகர் இல்லையா என்று கேட்பீர்கள். தி.நகரில் அதே மாதிரி ரூமுக்கு வாடகை கூடுதல், சனி, ஞாயிறில் உஸ்மான் சாலை இரைச்சல் வேறு. எழும்பூரிலிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயிலில் 5 ரூபாய்தான், நாலாவது ஸ்டேஷன், இறங்கினால் ரங்கநாதன் தெரு. மகளுக்குக் காட்ட வேண்டிய அரசு அருங்காட்சியகம் (1851-இல் தொடங்கியது, வெள்ளி விடுமுறை) எழும்பூரிலேயே பாந்தியன் சாலையில் இருக்கிறது. மெரினாவுக்கு ஆட்டோ பிடித்தாலும் சீக்கிரம் போய்விடலாம். கடற்கரைக்குப் பக்கம் என்று திருவல்லிக்கேணி மேன்ஷன்களை யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். அவை வேலை தேடி வந்த பேச்சிலர்களுக்கானவை, குடும்பத்துக்கு ஒத்துவராது. லாட்ஜே வேண்டாம் என்றால் பெரியார் ஈவெரா சாலையில் ஒய்டபிள்யூசிஏ என்ற பெண்கள் அமைப்பின் விருந்தினர் இல்லம் இருக்கிறது, குடும்பங்களும் தங்கலாம். அதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

சரி, அந்த 899. அது பெரும்பாலும் வரிக்கு முந்தைய விலை, அதுவும் இரண்டு பேருக்கு. மூன்றாவது ஆளுக்கு எக்ஸ்ட்ரா பெட் தனி. 7,500 ரூபாய் வரையிலான ரூம்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆக வாடகை 1,900 என்றால் கையை விட்டுப் போவது 1,995. அந்தத் தொகைக்குள் எழும்பூரில் சுமாரான ஏசி டபுள் ரூம் கிடைக்கும். ஆனால் தேதியைக் குறிக்கும் முன் தினசரி காலண்டரைப் பாருங்கள். ஞாயிறு முகூர்த்த நாளாக இருந்தால் கல்யாண வீட்டார் மொத்தமாக ரூம் எடுத்துவிடுவார்கள், பேரம் பேசவே முடியாது.

ஆப்பில் நட்சத்திரத்தை விட்டுவிட்டுப் புதிய விமர்சனங்களைப் படியுங்கள், அதிலும் திட்டி எழுதியவற்றை. "டிவி ஓடவில்லை" என்பதை மன்னிக்கலாம். "ராத்திரி கதவைத் தட்டினார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தாலும் அந்த இடம் வேண்டாம். மேப்பில் கிடைக்கும் போன் நம்பரும் சில சமயம் மோசடிக்காரர்கள் போட்டதாக இருக்கும். முழு வாடகையையும் உடனே க்யூஆர் கோடில் அனுப்பச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

போனதும் அட்வான்ஸ் கட்ட அவசரப்படாதீர்கள். "ரூமைப் பார்த்துட்டு வந்துடறோம்" என்று ரூம் பாயோடு மேலே போங்கள். உள்தாழ்ப்பாளைப் போட்டு, வெளியே நிற்கும் மகளைக் கதவைத் தள்ளச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் மாட்டும் கொண்டியின் ஸ்க்ரூ ஆடினால் வேறு ரூம் கேளுங்கள். பக்கத்து ரூமுக்குப் போகும் இடைக்கதவு இருக்கிறதா, பாத்ரூம் வென்டிலேட்டருக்குக் கண்ணாடி இருக்கிறதா, வெந்நீர் எத்தனை மணி வரை, எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மாடிப்படிக்கு இரவில் இரும்பு கிரில் பூட்டுவார்கள் என்றால் சாவி யாரிடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒளித்துவைத்த கேமரா பயத்தைவிட, தீ விபத்து என்றால் எப்படி இறங்குவோம் என்ற யோசனைதான் எனக்கு முதலில் வரும். முதல் மாடியோ இரண்டாவது மாடியோ போதும்.

அடையாளத்துக்கு, எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் நகலை ஆதார் தளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாக்காளர் அட்டையும் கொடுக்கலாம். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைக் கோவில்பட்டியிலேயே போனில் ஏற்றிவிடுங்கள்.

கடைசியாக லெட்ஜர், அதாவது தங்க வருபவர்களின் பெயரையும் நேரத்தையும் எழுதும் பதிவேடு. 24 மணி நேர லாட்ஜில் அதில் எழுதும் நேரம்தான் உங்கள் நாளின் தொடக்கம். ஒரு முறை 6:40-க்கு வந்த என் குழுவுக்கு 5:40 என்று எழுதிவிட்டார்கள். நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அந்த ஒரு மணி நேரத்துக்கு நாலு ரூமுக்கும் கூடுதல் அரை நாள் வாடகை கட்டினேன். நேரத்தைப் பார்த்து, அந்தப் பக்கத்தையும் அட்வான்ஸ் ரசீதையும் போட்டோ எடுத்துக்கொண்டு மேலே போங்கள்.