மாத்திரைக்குப் பதில் களாக்காய் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஹீமோகுளோபின் 9.2 என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போட்டால் குமட்டல், மலச்சிக்கல். களாக்காயில் இரும்பு அதிகமாமே. மாத்திரையை விட்டுவிட்டு அதைச் சாப்பிடலாமா? களா அரளிக் குடும்பம், அதன் பால் விஷம் என்றும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: களா சாப்பிடுங்கள், மாத்திரையை மட்டும் விடாதீர்கள்.

'100 கிராமில் 39 மில்லிகிராம் இரும்பு' என்று பரவும் கணக்கு காய்ந்த பழத்துக்கானது. நாம் தின்பது பெரும்பகுதி தண்ணீராக இருக்கும் பழம், அதுவும் ஒரு கைப்பிடி. தாவர உணவிலுள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் உறிஞ்சும். இரத்தசோகை இல்லாத பெண்ணுக்கே ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை. உங்களுக்கோ காலியான இருப்பையும் நிரப்பியாக வேண்டும்.

குமட்டலுக்கு வழி உண்டு. மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பாருங்கள். உறிஞ்சுவது கொஞ்சம் குறையும். ஆனால் குமட்டலுக்குப் பயந்து போடாமல் விடுவதைவிட மேல். அப்படியும் முடியாவிட்டால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாவற்றுக்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுப்பது இரும்பினால்தான்; தார் போலப் பிசுபிசுத்து நாறினால் மட்டும் உடனே காட்டுங்கள். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மாதவிடாய்ப் போக்கு, குடற்புழு, மூலம் என்று காரணத்தைத் தேட வேண்டும். அளவு சரியானதும் நிறுத்திவிடாமல் இன்னும் 3 மாதம் தொடருங்கள்.

இதில் களாவின் வேலை புளிப்புதான். அதிலுள்ள வைட்டமின் சி, கீரை, பயறில் இருக்கும் இரும்பை உறிஞ்ச உதவும். நன்றாகக் கறுத்த பழம் ஐந்தாறைச் சாப்பாட்டோடு சேருங்கள். வயிற்றுப்புண் இருந்தால் தவிருங்கள். ஊறுகாயை இதற்காக அள்ளி வைத்துக்கொள்ளாதீர்கள், உப்புதான் ஏறும்.

குடும்பம் அரளிதான். ஆனால் களாப்பழம் உண்ணத்தக்கது. பச்சைக் காயில் பால் அதிகம், வாயும் தொண்டையும் அரிக்கும். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு காயை இரண்டாக வெட்டி, விதை நீக்கி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசினால் பால் போய்விடும். அலுமினியம், பித்தளைப் பாத்திரம் வேண்டாம். வேர்க் கஷாயம் மட்டும் கூடவே கூடாது: வேரில் இதயத்தைப் பாதிக்கும் பொருள்கள் உண்டு.

பறிக்கும்போது முள்ளைப் பாருங்கள். பால் வடிவதை வைத்து அடையாளம் சொல்ல முடியாது, மஞ்சள் அரளியும் பால் வடிக்கும். களாவில் இலை எதிரெதிராக இருக்கும், கிளையில் ஜோடி ஜோடியாகக் கூர்முள், பழத்துக்குள் சில சிறு தட்டை விதைகள். மஞ்சள் அரளியில் முள் கிடையாது, இலை ஒல்லியாக நீண்டிருக்கும், காய்க்குள் ஒரே கெட்டிக் கொட்டை. அந்தக் கொட்டை உயிரைப் பறிக்கும். குழந்தை எதைத் தின்றது என்று சந்தேகம் வந்தாலே, மீதிக் காயையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கண்ணில் பால் பட்டால் 15 நிமிடம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். முள் ஆழமாகக் குத்தியிருந்தால் சோப்பு போட்டுக் கழுவி, முனை உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள், டி.டி. (தனுர்வாதத் தடுப்பு) ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.