பைத்தானில் சொந்த விண்டோ: டெல்டா நண்பர்களின் கேள்வி பதில்

எல்லாக் கேள்விகளும் பைக்யூட்டி 6 பற்றியவை. பைத்தானில் விண்டோ, பட்டன் எல்லாம் செய்ய உதவும் நூலகம் அது; அடியில் ஓடுவது சி பிளஸ் பிளஸில் எழுதிய க்யூட்டி.

கேள்வி (மன்னார்குடி): சார், க்யூமெயின்விண்டோ என்ற முதன்மை விண்டோ கிளாஸை இன்ஹெரிட் செய்து (அதைத் தாயாக வைத்து) கிளாஸ் எழுதினேன். ஓட்டினால், தாய் கிளாஸின் இனிட் கூப்பிடப்படவில்லை என்று ரன்டைம் எரர் வருகிறது.

பதில்: இனிட் என்பது பொருள் உருவாகும்போது ஓடும் மெத்தட். நீங்கள் இனிட் எழுதிவிட்டால் தாய் கிளாஸின் இனிட் தானாக ஓடாது. முதல் வரியிலேயே சூப்பர் போட்டு அதைக் கூப்பிடுங்கள். அடியில் சி பிளஸ் பிளஸ் விண்டோ உருவாவதே அப்போதுதான்.

கேள்வி (கும்பகோணம்): பட்டனை அழுத்தினால் இரண்டாவது விண்டோ மின்னி மறைகிறது.

பதில்: அதை மெத்தடுக்குள் லோக்கல் வேரியபிளில் வைத்திருப்பீர்கள். மெத்தட் முடிந்ததும் பைத்தான் அழித்துவிடும். செல்ஃபில், அதாவது முதல் விண்டோவின் சொந்த வேரியபிளாக, வையுங்கள்.

கேள்வி (திருவாரூர்): அண்ணா, நெல் கொள்முதல் பதிவு டயலாக் செய்கிறேன். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் ஓகே அழுத்தினாலும் மூடக்கூடாது.

பதில்: தம்பி, க்யூடயலாகை இன்ஹெரிட் செய்து ஓகே அழுத்தினால் ஓடும் அக்செப்ட் மெத்தடை மாற்றி எழுதுங்கள். 17க்கு மேல் இருந்தால் செய்தி காட்டிவிட்டு ரிட்டர்ன். மூட்டை எண்ணிக்கையை 40 கிலோவால் பெருக்கி, மொத்த எடையோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். எல்லாம் சரியென்றால் மட்டும் சூப்பரின் அக்செப்ட். அந்த வரி விட்டுப்போனால் சரியான பதிவுக்கும் டயலாக் மூடாது. எஸ்கேப் விசை ரிஜெக்ட் மெத்தடுக்குப் போகும், பாதிப் பதிவு அழியாமல் காக்க அதையும் மாற்றி எழுத வேண்டும்.

கேள்வி (திருவையாறு): பட்டன் நிறத்தை மாற்றவும் புது கிளாஸா?

பதில்: வேண்டாம், நிறம், எழுத்து போன்ற தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல்ஷீட் போதும். நடத்தை மாறும்போதுதான் இன்ஹெரிட்டன்ஸ்.

கேள்வி (மயிலாடுதுறை): மேட்டூர் நீர்மட்டத்தைப் படமாகக் காட்ட வேண்டும்.

பதில்: இன்ஹெரிட்டன்ஸின் முழுப் பயன் இங்கேதான் தெரியும். திரையில் தெரியும் எல்லா உறுப்புகளுக்கும் தாயான க்யூவிட்ஜெட்டை இன்ஹெரிட் செய்து, படம் வரையும் பெயின்ட்ஈவன்ட் மெத்தடை எழுதுங்கள். முழு மட்டம் 120 அடி. இன்று 90 அடி என்றால் விட்ஜெட் உயரத்தில் முக்கால் பங்கு தண்ணீர். திரையில் ஒய் மேலிருந்து கீழே எண்ணப்படுவதால் நீலச் செவ்வகம் கால் பங்கு உயரத்தில் தொடங்க வேண்டும். சுழியத்தில் தொடங்கினால் தண்ணீர் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

மட்டம் மாறியதும், மறுபடி வரையச் சொல்லும் அப்டேட் மெத்தடைக் கூப்பிடுங்கள், ஆனால் பெயின்ட்ஈவன்டுக்குள் கூடாது: ஓயாமல் வரைந்து கணினியை இழுத்தடிக்கும். நீர்மட்ட எண்ணை செல்ஃப் ஹைட் (height) என்ற பெயரில் வைக்காதீர்கள். தாய் கிளாஸின் ஹைட் மெத்தடை அது மறைத்துவிடும். பிறகு உயரம் கேட்கும் வரியில் டைப் எரர். மினிமம் சைஸ் 80க்கு 240 என்று கொடுங்கள், இல்லாவிட்டால் லேஅவுட்டில் போட்டதும் விட்ஜெட் சுருங்கிக் காணாமல் போகலாம்.