கிறுக்கல் என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

கேள்வி: என் இரண்டு வயது மகள் சுவர் முழுக்கக் கிரேயானால் கிறுக்கிவிட்டாள். இதை டூடுல் எனலாமா?

பதில்: ஸ்கிரிபிள் என்பதே பொருத்தம். ‘ஷீ ஸ்கிரிபிள்டு ஆல் ஓவர் த வால்’ என்று எழுதுங்கள். எழுதுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்த இச்சொல், அவசரமாக எழுதுவதற்கும், உருவம் தேறாத கோடுகளை இழுப்பதற்கும் ஒருங்கே பொருந்தும்.

கேள்வி: அப்படியானால் டூடுல் எப்போது வரும்?

பதில்: தொலைபேசியில் பேசிக்கொண்டே நோட்டின் ஓரத்தில் ஒரு கட்டம் போடுகிறோம், அதற்குள் இன்னொரு கட்டம், மூலைக்கு மூலை கோடு, பிறகு ஒரு பாதியை மட்டும் கருப்பாக நிரப்புகிறோம். மனம் பேச்சில் இருக்க, கை தன்போக்கில் வரைவதே டூடுல். பதினேழாம் நூற்றாண்டில் மூடனைக் குறித்த இச்சொல், 1930-களில்தான் இப்பொருளைப் பெற்றது. அந்தப் பழைய இழிவு இன்று பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றை 40 பேர் கேட்டனர். கேட்டபடியே தாளில் இருந்த வடிவங்களை நிழலிட்டு நிரப்பியவர்கள் மற்றவர்களைவிட 29 விழுக்காடு கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர்.

கேள்வி: ஸ்க்ரால் (scrawl), ஸ்கிரிபிள் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: நெருங்கியவை, ஒன்றல்ல. ஸ்கிரிபிளில் அவசரம் தெரியும்; ஸ்க்ராலில் எழுத்தின் கோணல் தெரியும். முதல் எழுத்து பெரிதாக நிற்க, மற்றவை ஒரே கோடாக இழுபட்டு வரியைத் தாண்டி ஓடும் கையொப்பம் ஸ்க்ரால்தான். அவசரமாகக் குறித்த தொலைபேசி எண் தெளிவாகவே இருந்தாலும் அதை ஸ்கிரிபிள் எனலாம். ஸ்க்ரால் எனக் கூடாது. திரையை நகர்த்தும் ஸ்க்ரோலுடன் இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எழுத்தும் வேறு, ஒலியும் வேறு.

கேள்வி: மருத்துவர் எழுதிய சீட்டு புரியவில்லை. அன்ரீடபிள் என்று எழுதலாமா?

பதில்: எழுதினால் தவறில்லை, ஆனால் இல்லெஜிபிள் என்பதே துல்லியம். எழுத்துகளையே பிரித்தறிய முடியாதது இல்லெஜிபிள். அன்ரீடபிள் என்பதோ அச்சில் அழகாக இருந்தும் நடை சகிக்காத நூலுக்கும் வரும். மருந்துகளின் பொதுப்பெயரை லெஜிபிளாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியைத் திருத்தியபோது, அந்தச் சொல்லையே பயன்படுத்தியது. மருந்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் நோயாளிக்கு ஆபத்து என்பதால், புகார்க் கடிதத்தில் இல்லெஜிபிள் என்றே எழுதுங்கள்.

கேள்வி: ‘கோழி கிளறியது போன்ற கையெழுத்து’ என்பதை எப்படிச் சொல்வது?

பதில்: ஆங்கிலம் பேசுபவர்களும் கோழியைத்தான் சொல்கிறார்கள்: சிக்கன் ஸ்க்ராட்ச். பேச்சில் நன்றாக இருக்கும். அலுவலகக் கடிதத்தில் வேண்டாம்.

கேள்வி: மை பரவிக் கெட்டுப்போன பக்கத்துக்கு?

பதில்: மை சொட்டி ஊறியிருந்தால் பிளாட் (blot), ஈரம் காய்வதற்குள் கைபட்டு இழுபட்டிருந்தால் ஸ்மட்ஜ். எழுதியவரின் கையெழுத்தை இவை குறை கூறுவதில்லை.