குரங்குச் செல்லில் குடல் வைரஸ்

கேள்வி: என் பேரனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அது குரங்கின் சிறுநீரகச் செல்லில் வளர்க்கப்படுகிறதாமே! நம் குடலில் வளரும் வைரஸ் அங்கே எப்படி வளரும்? இதற்காகக் குரங்குகளைக் கொல்கிறார்களா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொல்வதில்லை. இம்மருந்துத் தயாரிப்பில் பயன்படும் 'வெரோ' செல்கள், 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக்குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். அவற்றை உறைநிலையில் பாதுகாத்து, வேண்டியபோது பெருக்கிக்கொள்கிறார்கள்.

உங்கள் முதல் ஐயம் ஆய்வாளர்களையே பல ஆண்டுகள் திணறவைத்தது. 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும், வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைகளின் சிறுகுடல் திசுவில் இந்த வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே கண்டுவிட்டார்கள். ஆனால் அதைக் குடுவையில் வளர்க்க வழி தெரியவில்லை. 1980இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கிருமியற்ற சூழலில் வளர்ந்த பன்றிக்குட்டிகளின் உடலில் அதை 11 முறை அடுத்தடுத்துச் செலுத்திப் பழக்கிய பிறகே குரங்குச் செல்லில் வளர்த்தார்கள். பன்றிக்குட்டிகள் இல்லாமலேயே அது முடியும் என்று அடுத்த ஆண்டே ஜப்பானில் காட்டினார்கள்.

வழிதிறந்தது டிரிப்சின் என்ற செரிமான நொதி. வைரஸின் மேற்புறத்தில் முள்போல் நீண்டிருக்கும் புரதத்தை டிரிப்சின் இரண்டாக வெட்டினால்தான் வைரஸ் செல்லுக்குள் நன்கு நுழையும். குடலில் இந்த நொதியைக் கணையம் சுரக்கிறது. குடுவையில் நாம்தான் சேர்க்க வேண்டும். செல் வளர்ப்பில் வழக்கமாக ஊற்றும் சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) டிரிப்சினை முடக்கிவிடும் என்பதால், வைரஸை இடும் முன் செல்களைக் கழுவிச் சீரத்தை அறவே நீக்கிவிடுகிறார்கள். நம்மைச் செரிமானத்தால் காக்கும் நொதியையே வைரஸ் தனக்குச் சாவியாக்கிக்கொண்டது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. வெரோ செல்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: வைரஸ் நுழைந்ததும் அண்டைச் செல்களை உஷார்ப்படுத்தும் முதல் வகை இன்டர்ஃபெரானை அவற்றால் உண்டாக்க முடியாது.

தில்லியில் பிறந்த பச்சிளங்குழந்தைகளிடம் கண்டெடுத்த '116இ' என்ற ரோட்டா வைரஸ் வகையும் வெரோ செல்லில் வளர்ந்துதான் 'ரோட்டாவாக்' சொட்டு மருந்தாயிற்று. அதன் பெரிய சோதனை தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் நடந்தது.

கேள்வி: நோரோ வைரஸுக்கும் இதே வழி உதவாதா?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: உதவவில்லை. 1968இல் அமெரிக்காவின் நார்வாக் நகரில் பரவிய வாந்திபேதியிலிருந்து அறியப்பட்ட அந்த வைரஸ், வழக்கமான செல் வளர்ப்புகளில் பல பத்தாண்டுகள் பிடிகொடுக்கவே இல்லை. 2016இல்தான் ஹூஸ்டன் ஆய்வாளர்கள் மனிதக் குடலின் தண்டுச் செல்களிலிருந்து வளர்த்த நுண்குடல் திசுவில் அதைப் பெருக்கிக் காட்டினார்கள். அங்கேயும் சில வகைகள் பித்தநீரைச் சேர்த்தால்தான் வளர்ந்தன.